தொட்டால் நிற்கும் கோடு

"செத்தவர் செய்யிறாரோ, உயிரோட இருக்கிற ஆக்கள் செய்யினமோ? எனக்கு அது ஒண்டு தெரிஞ்சாப் போதும் அக்கா. பிறகு நான் போயிடுவன்."

சுவிஸ் மலைகளில் எங்கடின் பள்ளத்தாக்கின் தை மாதக் குளிரில் பல் கிடுகிடுக்க நின்றிருந்த எனக்கு, இந்தக் கேள்வி வேறு வந்து முதுகெலும்பில் ஐஸ் தடவியது. சிவமலர் குரலைத் தாழ்த்திக்கூடப் பேசவில்லை. செத்தவர் என்று சொன்னபோது, பக்கத்து வீட்டில் குடியிருப்பவரைப் பற்றிக் கதைப்பது போலத்தான் சொன்னாள். எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

ஜெயகௌரி அக்கா கழுத்துச் சால்வையை இறுக்கிக்கொண்டார். "உள்ளுக்கு நிண்டு கதைப்பம். முதலிலை இருந்து சொல்லும்."

அக்காவுக்கு ஆராவ் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை. எங்கள் ஆட்கள் தமிழில் சொல்லும் உண்மையையும் பொய்யையும் ஒரே முகத்தோடு ஜெர்மனில் சொல்லிச் சொல்லி, எது எதுவென்று மூக்காலேயே பிடிக்கப் பழகிவிட்டார். சுவிஸில் தமிழர் வீட்டில் தாலி தொலைந்தாலும் ஆள் தொலைந்தாலும் பொலிசுக்கு முதல் அவருக்குத்தான் போன் வரும். நான் சண்முகலிங்கம், அவருடைய உதவியாள். பெட்டி தூக்குவது, கோப்பி வாங்குவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலைகள். முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

ஆஸ்பத்திரி வாசல் மண்டபத்து வாங்கில் உட்கார்ந்து சிவமலர் கதையைச் சொன்னாள்.

அவளுடைய முதல் புருஷன் பாலசிங்கம் யாழ்ப்பாணத்தில் மின்கம்பத்தில் ஏறி வேலை செய்தவர். ஒரு மழை நாளில் ஏறியவரை உயிரோடு இறக்க முடியவில்லை. கலியாணமாகி ஒரு வருஷமும் ஆகாத பெண் வெள்ளைச் சேலைக்குப் போனாள். பிறகு நாட்டில் நடந்ததெல்லாம் நடந்து, அகதியாக இங்கே வந்து சேர்ந்தாள். இந்த மலையில் ஹோட்டல் குசினி வேலை செய்த குலேந்திரன், "நான் கட்டுறன்" என்று வந்து நின்றார். போன வருஷம் பதிவாளர் முன்னால் எழுத்துக் கலியாணம். விதவையைக் கட்டியதற்காக அவருடைய தமையன் வரதராசா கலியாணத்துக்கே வரவில்லை.

"மார்கழியிலை இவர் வேலை முடிஞ்சு வரேக்கை பனியிலை சறுக்கி விழுந்திட்டார். எவ்வளவு நேரம் கிடந்தாரோ தெரியாது. விறைச்சுப்போன ஆளைத்தான் கொண்டு வந்தவை. இதயம் பலவீனமாப் போச்செண்டு அந்தப் பெட்டியைப் பூட்டினவை. பச்சைக் கோடு ஓடுற பெட்டி."

"பிறகு?"

"முதலிலை ஒண்டும் இல்லை. கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்திலை இருப்பன். ஒரு நாள் பிடிச்சன், சுள்ளெண்டு விரலை இழுத்துது. நிமிந்து பாத்தா, கோடு நேராப் போட்டுது அக்கா. துடிப்பே இல்லை. மணி அலறுது. ஆக்கள் ஓடி வர, திரும்ப ஓடத் தொடங்கீட்டுது. அண்டையிலை இருந்து நான் தொட்டால் இப்பிடித்தான். டொக்டர் தொட்டால் இல்லை, தாதிமார் தொட்டால் இல்லை, இவற்றை தமையன், அத்தான், தொட்டாலும் இல்லை. நான் தொட்டால் மட்டும் நிக்குது."

தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். அது தன்னுடையதே இல்லை என்பது போல மடியில் போட்டாள்.

"கரண்டாலை போன மனுசன். கரண்டாலைதான் வாறார். இன்னொருத்தரைத் தொட விடமாட்டார்."

"விசர்க்கதை!" என்று நான் மனசுக்குள் மட்டும் தைரியமாகச் சொன்னேன்.

"இண்டைக்கு ஏன் போறனெண்டு நிக்கிறீர்?" என்று அக்கா கேட்டார்.

"இதயம் நிண்டு நிண்டு துடிக்குதெண்டு டொக்டர் சொல்லுறார். இண்டைக்குப் பின்னேரம் கையிலை நரம்புக்குள்ளாலை ஒரு கம்பியை விட்டு, துடிப்பைத் தூண்ட இதயம் வரைக்கும் கொண்டு போகப்போகினமாம். இதயத்துக்குள்ளை கம்பி அக்கா! கம்பியும் கரண்டும் ஆற்றை சாமான்? அவருக்கு வழி வெட்டிக் குடுக்கிற மாதிரியெல்லோ. நான் எம்மன்புரூக்கேயிலை ஒரு சிநேகிதியிட்டைப் போறன். நான் இல்லாட்டி இவர் பிழைப்பார்."

அழுகை வரவில்லை. அழுது முடித்த முகம்.

அக்கா அவளுடைய கையை எடுத்து இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. இருந்து கொள்ளும். நான் வந்து சொல்லாமல் ரெயிலுக்குப் போகக்கூடாது."

*

ஒரு காலத்தில் நெஞ்சுநோய்க்காரர்கள் மலைக்காற்றுக்காக வந்து தங்கிய கட்டடம் அது. வந்தவர்களில் பாதிப்பேர் திரும்பிப் போகவில்லையாம். வார்டுக் கதவடியில் எங்களைச் சந்தித்த தலைமைத் தாதி உர்சுலா இதைத் தானாகவே சொன்னார். நான் கேட்கவேயில்லை.

ஷ்வெஸ்டர் உர்சுலா, இங்கே தாதியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், எங்கள் பனிச் சப்பாத்துகளைக் கழற்றச் சொல்லி, ஆளுக்கொரு சோடி வெள்ளைச் செருப்பு தந்தார். என்னுடையதற்குள் இன்னொரு கால் வைக்க இடமிருந்தது.

"இது என்ன, பேய்க்குப் பிடிக்காத நிறமோ?" என்றேன் தமிழில்.

அக்கா அதை மொழிபெயர்க்காமல், "ஏன் இந்தச் செருப்பு?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"குளிர்காலத்தில் இங்கே காற்று எலும்புபோலக் காய்ந்துவிடும். நடந்தாலே உடம்பில் மின் ஏறும். அந்தப் பெட்டி இதயத்தின் மிகச் சின்ன மின்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு பொறி தெறித்தால் அதற்குக் காது அடைத்துவிடும். இந்தச் செருப்பின் அடி உடம்பில் ஏறுவதை நிலத்துக்கு இறக்கிவிடும். நாங்கள் நைலோன் உடுப்பதில்லை. நோயாளியைத் தொட முதல் இரும்பைத் தொடுவோம். சூடாக்கிகளில் தண்ணீர்ச் சட்டி தொங்கவிடுவோம், காற்று ஈரமாக இருக்க."

"அப்படியென்றால் கோடு நேராவது அதனால் இருக்காதா?" என்றார் அக்கா.

"டொக்டரும் முதலில் அதைத்தான் நினைத்தார். வயர், பிளக், நிலக்கம்பி எல்லாம் சோதித்தாயிற்று. வருகிறவர்கள் எல்லோருக்கும் செருப்பு நானே கொடுக்கிறேன். பழுது மெஷினில் இல்லை என்றால் இதயத்தில்தானே?"

சொல்லிவிட்டு உர்சுலா நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரல் இறங்கியது.

"ஒன்று சொல்கிறேன். ஒரு தரம் அந்த மணி அடித்தபோது நான் கதவடியிலேயே நின்றேன். பாய்ந்து போய் நாடியைப் பிடித்தேன். கோடு இன்னும் நேராகத்தான் கிடந்தது. பெட்டியைப் பார்த்தால் ஆள் செத்துவிட்டார். ஆனால் என் விரலுக்குக் கீழே நாடி ஓடுகிறது. தாளம் தவறாமல் ஓடுகிறது. பயந்து கையை விட்டுவிட்டேன். டொக்டரிடம் சொன்னேன். உன் விரலின் துடிப்பையே நீ உணர்ந்திருப்பாய் என்றார். அன்றிலிருந்து அந்த அறைக்குள் நான் தனியாகப் போவதில்லை."

சுவிஸ்காரருக்குப் பேய் பயம் இல்லை என்று யார் சொன்னது? அங்கேயே அந்த அம்மாவோடு உட்கார்ந்து செபம் சொல்லலாமா என்று எனக்கு யோசனை வந்தது. அக்கா என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்.

*

இதயநோய் வார்டு வரைக்கும் பனிச்சறுக்கில் விழுந்து எலும்பு முறிந்தவர்களால் நிரம்பிவிட்டதால், குலேந்திரனை நடைபாதைக் கடைசியில் ஒன்பதாம் அறையில் போட்டிருந்தார்கள். பழைய காலத்துப் பணக்கார நோயாளிகளின் அறை. நிலத்தில் மொத்தக் கம்பளம். வெளியே பனியின் வெளிச்சம் கண்ணைக் குத்தும் என்று திரைச்சீலைகளை இழுத்து மூடியிருந்தார்கள். மத்தியான நேரத்திலும் உள்ளே அந்தி போலக் கிடந்தது.

கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

கட்டிலில் குலேந்திரன். வயது முப்பத்தைந்து இருக்கும், முகம் அறுபதைக் காட்டியது. மருந்து மயக்கத்தில் அரைக்கண் மூடியிருந்தார். தலைமாட்டில் அந்தப் பெட்டி. பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடி ஓரத்தில் மறைந்தது, மறுபடி தொடக்கத்தில் வந்தது. அறையில் அசைந்த ஒரே பொருள் அதுதான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. இப்போது நின்றுவிடுமோ, இப்போது நின்றுவிடுமோ என்று என் நெஞ்சும் அதோடு சேர்ந்து துள்ளியது.

எதிர்ப்பக்கத்து மேசையில் ஒரு முருகன் படம். திருநீற்றுக் குறி. முன்னால் நீளமான வெள்ளைப் பீங்கான் சட்டி ஒன்றில் மஞ்சள் பூக்கள்.

"கும்பிட்டுக்கொள்ளும்," என்றார் அக்கா.

"நான் வாசலிலை நிக்கேக்கையே தொடங்கீட்டன்."

அக்கா கட்டிலின் வலப்பக்கம் போனார். அங்கே சுவரோடு ஹைட்சுங், அதுதான் சூடாக்கி, இருந்தது. இரண்டு கைகளையும் அதன் இரும்பில் வைத்தார். "என்ரை கை ஐஸ். வருத்தக்காரனை இப்பிடித் தொடக்கூடாது." சூடாக்கியின் முகப்பில் ஒரு கம்பிக் கொழுக்கி வெறுமனே தொங்கியது. அதை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அப்படியே திரும்பிக் குலேந்திரனின் வலது மணிக்கட்டைப் பிடித்தார்.

நான் மூச்சைப் பிடித்தேன். கோடு துள்ளிக்கொண்டே இருந்தது.

அப்போது கதவடியில் சில்லு உருளும் சத்தம் கேட்டது. படுக்கைத் துணி வண்டியைத் தள்ளியபடி, ஆஸ்பத்திரி உடுப்பில், கனத்த உடம்புக்காரர் ஒருவர் வந்து நின்றார். எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, வரதராசா. இந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை என்று சிவமலர் சொல்லவில்லையே!

அறைக்குள் வந்தவர் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றார். கும்பிட்டார். பிறகு தன் கன்னங்களில் மாறி மாறிப் போட்டுக்கொண்டார். சும்மா பேருக்கு இல்லை, சத்தம் வரப் போட்டுக்கொண்டார். மகா பாவம் செய்தவன் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் இருக்கும். என் துப்பறியும் மூளை விழித்துக்கொண்டது. அது எப்போதாவது விழிக்கும்.

கும்பிட்டு முடித்து வந்து, கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு தம்பியின் நெற்றியைத் தடவினார். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆர் நீங்கள்?"

"சிவமலர் கூப்பிட்டு வந்தனாங்கள் அண்ணை," என்றார் அக்கா.

"ஓ, அவவோ." பெயரைச் சொல்ல வாய் கூசியது அவருக்கு. "முதல் ஒருத்தரைத் திண்டது காணாதெண்டு இவனையும் பிடிச்சவ. தம்பி எண்டு எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான் பிள்ளை. நான் தூக்கி வளத்த பொடியன். அவவைப் போகச் சொல்லுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"உந்தப் படம்?"

"நான்தான் கொண்டந்து வைச்சன். தம்பிக்குக் காவலா இருக்கட்டும் எண்டு. வைச்ச அண்டைக்குத்தான் முதன்முதல் அந்த மணி அடிச்சது." வரதராசா படத்தைக் கை காட்டினார். "அதிலையே விளங்கேல்லையோ? முருகன் ஆளைக் காட்டிக் குடுத்திட்டார்."

அவர் கதவடி வண்டிக்குப் போய்த் துணிகளை அடுக்கத் தொடங்கினார். போகவில்லை, எங்களைக் காவல் காத்தார்.

நான் அக்காவின் காதடிக்குப் போனேன். "அக்கா, கேஸ் முடிஞ்சுது. உவர்தான். கலியாணம் பிடிக்கேல்லை. இஞ்சையே வேலை. படம் வந்த அண்டைக்கு மணி அடிக்குது. படத்துக்குப் பின்னாலை ஏதோ வயர் கிடக்கு. கன்னத்திலை போட்டுக்கொண்டதைப் பாத்தனீங்களோ? குற்றவாளி மனசு!"

"போய்ப் பாரும்," என்றார் அக்கா, மணிக்கட்டை விடாமல்.

போய்ப் பார்த்தேன். கம்பளத்தில் பூனைபோல அடி தேய்த்து நடந்து, கண்ணை மூடி முருகனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு, படத்தைத் தூக்கினேன். பின்னால் திருநீறும் தூசியும்தான். வயரும் இல்லை, மயிரும் இல்லை. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், பூவும் தண்ணீரும். சட்டியின் முதுகில் மட்டும் எதிலோ மாட்டுவதற்கான ஓட்டை ஒன்று. தோல்வி முகத்தோடு திரும்பி நடந்து வந்து, பெட்டி நின்ற இரும்புத் தள்ளுவண்டியில் கையை ஊன்றப் போனேன்.

சுள்!

தேள் கொட்டியதுபோல விரலில் ஒரு அடி. அதே கணம் பச்சைக் கோடு ஒரு எகிறு எகிறி நேராகப் படுத்துவிட்டது. மணி அலறியது.

"ஐயோ, கொண்டுபோட்டன்! நான் கொண்டுபோட்டன்!" நான் பின்னால் பாய்ந்து கதிரையோடு மோதினேன். "அக்கா, பாலசிங்கத்தாருக்கு என்னிலை என்ன கோவம்? நான் ஆற்றை பெண்சாதியையும் கட்டேல்லையே! எனக்கு ஒருத்தியே கிடைக்கேல்லையே!"

அக்கா அசையவில்லை. அவர் விரல்கள் குலேந்திரனின் நாடியில் இருந்தன. கண்கள் நேர்கோட்டில் இருந்தன. உதடு மட்டும் மெல்ல அசைந்தது.

"ஓடுது," என்றார். "லிங்கம், இவற்றை நாடி நல்லா ஓடுது. ஷ்வெஸ்டர் பிடிச்சது சரி. இதயம் நிக்கேல்லை. பெட்டிக்குத்தான் காது அடைச்சுப்போச்சு."

கோடு நடுங்கி, வளைந்து, மறுபடி துள்ள ஆரம்பித்தது.

அக்கா கையை விட்டார். என் கால்களைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற வரதராசாவின் வெள்ளைச் செருப்பைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சில தடவைதான் பார்த்திருக்கிறேன். கோர்ட்டில் யாராவது அழகாகப் பொய் சொல்லும்போது வரும் முகம். ஆனால் இந்தத் தடவை அவர் தன்னையே அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சாமிக்கு முன்னாலை ஏன் கன்னத்திலை போட்டனீங்கள்?"

"என்ன கேள்வி? செருப்போடையெல்லோ நிக்கிறன். டியூட்டியிலை கழட்டினா என்னை வேலையாலை நிப்பாட்டிப் போடுவினம். முருகனிட்டை மன்னிப்புக் கேக்க வேண்டாமோ?"

அக்கா வாய் திறக்க முதல் நடைபாதையில் இரண்டு சோடிக் கால்கள் ஓடிவரும் சத்தம். மணிச் சத்தம் கேட்டு முதலில் வந்தது உர்சுலா. அவருக்குப் பின்னால், மண்டபத்தில் இருக்கச் சொல்லியும் கேட்காமல் வார்டுக்கு வந்திருந்த சிவமலர்.

அந்தக் காட்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. புருஷன் செத்துவிட்டானோ என்ற பயத்தில் தலைதெறிக்க ஓடிவந்தவள், வாசலில் கால் வைத்ததும் நிற்காமலேயே இரண்டு வெள்ளைச் செருப்பையும் உதறிவிட்டு உள்ளே வந்தாள். யோசிக்கவில்லை, குனியவில்லை. சாமிப் படம் தெரிந்தது, கால் தானாகக் கழற்றியது. கம்பளிக் காலுறையோடு, நைலோன் சேலை சரசரக்க, கம்பளத்தில் ஓடிக் கட்டிலின் இடப்பக்கம் போனாள்.

"இஞ்சாருங்கோ… என்ன செய்யுது உங்களுக்கு?"

உர்சுலா அந்தப் பக்கத்துப் போர்வையை விலக்கியிருந்தார். குலேந்திரனின் இடது முழங்கையில் புதுக் கட்டு. அந்தக் கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, உள்ளங்கைக்குப் பக்கத்தில் ஒட்டியபடி, ஒரு மெல்லிய கம்பியின் இரண்டு நுனிகள் பளபளத்தன. டொக்டர் பின்னேரம் வரை பொறுக்கவில்லை. காலையிலேயே கம்பி இதயத்துக்குப் போய்விட்டது.

சிவமலர் அந்தக் கையைப் பிடிக்கக் குனிந்தாள்.

உர்சுலா ஜெர்மனில் அலறினார். அக்கா அதைத் தமிழாக்கினார். அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன மொழிபெயர்ப்பு அதுதான்.

"தொடாதையும்!"

சிவமலரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. நுனிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இல்லை. மெல்ல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்களும் நம்பிப்போட்டீங்களோ அக்கா?"

"கையை மேலை எடும். அப்பிடியே. எனக்குப் பின்னாலை சுத்தி இஞ்சாலை வாரும்." அக்கா அவளைத் தொடாமலே வலப்பக்கத்துக்கு வழி காட்டினார். "இந்த ஹைட்சுங் பைப்பைத் தொடும்."

"ஏன்?"

"தொடும் எண்டுறன்."

அவள் விரலை நீட்டினாள். அரையிருட்டில் எல்லோரும் பார்த்தோம். விரல் படுவதற்கு முதலே ஒரு நீலப் பொறி படக்கென்று பாய்ந்தது. சிவமலர் கையை உதறினாள். பெட்டியில் கோடு ஒரு தரம் இடறிவிட்டு ஓடியது.

அக்கா நிதானமாகக் கேட்டார். "பாலசிங்கத்தாருக்கு இந்தப் பைப்போடை என்ன கோவம்? நீர் இதையும் கலியாணம் கட்டினனீரோ?"

சிவமலரின் வாய் திறந்தபடி இருந்தது.

"பேய் இல்லை பிள்ளை. உம்மட உடம்பிலை ஏறின மின். கம்பளத்திலை காலுறையோடை நடக்க ஏறினது. அதை நிலத்துக்கு இறக்கத்தான் ஷ்வெஸ்டர் செருப்புத் தந்தவ. நாங்கள் சாமிப் படத்தைக் கண்ட உடனை வாசலிலை கழட்டிப்போட்டு வந்தம். நீர் மட்டும் இல்லை, நானும் லிங்கமும்தான். கழட்டினனான் எண்டே எனக்குத் தெரியேல்லை. மூச்சு விடுறது ஆருக்குத் தெரியுது? நான் கை சூடாக்க ஹைட்சுங்கைத் தொட்டதாலை என்னட்டை இருந்தது இரும்புக்குப் போட்டுது. லிங்கம் தொடேல்லை, வாங்கிக் கட்டினார். அண்ணை செருப்பைக் கழட்டிறேல்லை, அதுதான் அவர் தொட்டா ஒண்டுமில்லை."

இதையே உர்சுலாவுக்கு ஜெர்மனில் சொன்னார். உர்சுலா வாசலில் கிடந்த செருப்புகளைப் போய்ப் பார்த்தார். "மணி அடித்ததும் இந்தப் பெண் வெளியே ஓடிவிடுவாள்," என்றார். "நான் காணும்போதெல்லாம் செருப்பு காலில்தான் இருக்கும்."

"இன்னும் ஒண்டு." அக்கா வெறுங்கொழுக்கியைத் தட்டிக் காட்டினார். "இதிலை ஒரு தண்ணிச் சட்டி தொங்கியிருக்கவேணும். காத்துக் காயாமல். அது எங்கை?"

எல்லார் கண்களும் முருகனுக்கு முன்னால் பூக்களோடு இருந்த வெள்ளைச் சட்டிக்குப் போயின. அதன் முதுகில் ஓட்டை. நான் கண்டேன், கண்டும் விட்டுவிட்டேன்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை கேட்டிருக்கிறேன். காவலுக்கு முருகனை வைக்கப் பேய் வந்து குடியேறிய கதை இதுதான் முதல்.

வரதராசா வண்டிப் பிடியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. "பூ வைக்கச் சட்டி இல்லாமல் நான்தான் எடுத்தன்," என்றார், யாருக்கோ சொல்வது போல. "இப்ப அவ அந்தக் கம்பியிலை தொட்டிருந்தா?"

"பொறி வெளியிலை தெறிச்சிராது. நேரை இதயத்துக்குப் போயிருக்கும்," என்றார் அக்கா.

உர்சுலா ஒரு றப்பர் கையுறையை வெட்டி, முதலில் கட்டில் இரும்பைத் தொட்டு, கம்பியின் இரண்டு நுனிகளையும் மூடி ஒட்டினார். டொக்டருக்குப் போன் செய்ய ஓடினார். தேவையில்லாமல் போன கம்பி, வந்த வழியே வெளியே வரவேண்டும்.

சிவமலர் சூடாக்கியின் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு கைகளையும் மார்போடு கட்டி ஒளித்திருந்தாள். காரணம் தெரிந்துவிட்டது, பயம் இன்னும் போகவில்லை.

"அவர் என்னோடை கோவமில்லையோ அக்கா?" மிகச் சின்னக் குரலில் கேட்டாள். இம்முறை எந்த அவரைச் சொன்னாள் என்று அக்காவும் கேட்கவில்லை.

"இல்லை. அவர் நிம்மதியாப் போட்டார். நீர்தான் அவரைப் போகவிடேல்லை."

அப்போதுதான் அழுகை வந்தது அவளுக்கு. குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வரதராசா வாசலுக்குப் போனார். தலையைக் குனிந்துகொண்டு வெளியே போகிறார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, உதறிக் கிடந்த சிவமலரின் செருப்புகளைக் கையில் எடுத்தார். திரும்பி வந்தார். முருகன் படத்தைத் தாண்டி வந்து, தம்பி பெண்சாதியின் கால்களுக்கு முன்னால், அந்தக் கனத்த உடம்போடு முழங்காலிட்டு, செருப்பை ஒவ்வொன்றாக வைத்தார்.

சிவமலர் பதறிப்போனாள். "ஐயோ அத்தான், என்ன செய்யிறியள்? எழும்புங்கோ! சாமிக்கு முன்னாலை செருப்போடையோ?"

"போடும்," என்றார் வரதராசா. "சாமிக்கு நான் பதில் சொல்லுறன்."

அவள் அசையவில்லை. அவர் எழும்பவும் இல்லை. கடைசியில் அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு மற்றக் காலை. சூடாக்கியைத் தொட்டாள், இப்போது பொறி வரவில்லை. கட்டில் இரும்பைத் தொட்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு புருஷனின் வலது கையைப் பிடித்தாள்.

நாங்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். கோடு துள்ளியது, ஓரத்துக்குப் போனது, திரும்பி வந்து மறுபடி துள்ளியது.

குலேந்திரன் அரைக்கண்ணைத் திறந்தார். மருந்து நாக்கைப் பிடித்திருந்தது. சொல் ஒவ்வொன்றாக வந்தது.

"ஏன்… கனநாளாக் கையைப் பிடிக்கேல்லை? நான்… கோவமாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன்."